மணலில் இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றும் கருவி

மணல்மேட்டிலும் கூர்ங்கற்கள் நிறைந்த மலைத்தடத்திலும் ஓடும் நான்கு சக்கர இயக்க வண்டிகள் தடையின்றி முன்னேறுவதைப் பல வேளைகளில் எஞ்சினின் வலிமையைவிட டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தமே முடிவு செய்கிறது. தார்ச்சாலையில் 32 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு அழுத்தத்தில் ஓடும் டயரை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால், தரையைத் தொடும் அதன் பரப்பு பெரும்பாலும் நீளவாக்கில் விரிகிறது. வண்டியின் எடை கூடுதல் பரப்பில் பரவுவதால் சக்கரம் மணலில் புதைவது குறைகிறது, கல்தரையில் டயர் கல்லின் வடிவத்துக்கு வளைந்து பிடிப்பைப் பெறுகிறது. 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தை ஆராய்ந்த ரால்ஃப் பாக்னால்ட் இந்த உத்தியைக் கையாண்டார். இரண்டாம் உலகப் போரில், நீரிலும் நிலத்திலும் ஓடிய அமெரிக்க 'டக்' லாரியில் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டயரின் காற்றைக் குறைக்கவும் கூட்டவும் வசதி அமைந்தது.

வால்வைத் திறந்து காற்றை இறக்குவது எவருக்கும் எளிது. அதைத் திரும்ப ஏற்றாமல் நெடுஞ்சாலைக்கு வருவதுதான் ஆபத்து. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கு மீறி வளைந்து நிமிர்வதால் உள்ளே வெப்பம் சேர்ந்து, வேகம் கூடும்போது டயர் வெடிக்கவும் கூடும். சட்டென்று திருப்பினால் அதன் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடும் வாய்ப்பும் உண்டு. ஆகவே உடன் எடுத்துச் செல்லும் கம்ப்ரஸர் ஓர் அலங்காரத் துணைப்பொருள் அன்று, பிரேக்கைப் போலவே பயணிகளின் உயிரோடு தொடர்புடைய கருவி. அதனை வாங்குவதிலும் அந்தக் கவனம் வேண்டும்.

கம்ப்ரஸரின் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் 150 பிஎஸ்ஐ போன்ற எண், அக்கருவி எட்டக்கூடிய உச்ச அழுத்தத்தையே குறிப்பதால், 35 பிஎஸ்ஐயைத் தாண்டத் தேவையில்லாத டயருக்கு அதனால் பெரும்பயன் இல்லை. பார்க்க வேண்டியது காற்றோட்ட அளவு, அதாவது ஒரு நிமிடத்தில் கருவி எத்தனை லிட்டர் காற்றைத் தருகிறது என்பதாகும். இதனைக் கன அடியில் குறித்திருந்தால், ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர் எனக் கணக்கிட்டுக்கொள்ளலாம். 255/65 ஆர்18 அளவுள்ள டயரின் உட்கொள்ளளவு தோராயமாக 60 லிட்டர் எனக் கொள்ளலாம். 18 பிஎஸ்ஐயிலிருந்து 32-க்கு உயர்த்துவது கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டுவதற்குச் சமம் என்பதால், டயர் ஒன்றுக்கு வெளிக்காற்று சற்றொப்ப 60 லிட்டரும், நான்குக்கும் சேர்த்து 240 லிட்டரும் தேவை. நிமிடத்துக்கு 35 லிட்டர் தரும் கருவிக்குக் கணக்குப்படி ஏழு நிமிடமும், 70 லிட்டர் தருவதற்கு அதில் பாதியும் போதும்.

நடைமுறையில் இதைவிடக் கூடுதல் நேரமே ஆகும். விளம்பரத்தில் சொல்லப்படும் காற்றோட்டம் பொதுவாக எதிரழுத்தம் ஏதுமில்லாத நிலையில் அளக்கப்படுவது. டயரில் அழுத்தம் ஏற ஏற அது குறைவதால், 30 பிஎஸ்ஐயில் எத்தனை லிட்டர் கிடைக்கும் என்று கேட்டு வாங்குவதே முறை. உயரமும் இதனைப் பாதிக்கிறது: சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் வளிமண்டல அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே என்பதால், பிஸ்டன் ஒவ்வொரு முறையும் இழுக்கும் காற்றின் நிறை அந்த அளவுக்குக் குறைந்து, நிரப்பும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது.

அடுத்து நோக்க வேண்டியது வேலைச் சுழற்சி விகிதம், அதாவது குறிப்பிட்ட கால அளவில் கருவி எவ்வளவு நேரம் ஓடலாம், எவ்வளவு நேரம் ஓய வேண்டும் என்ற கணக்கு. காற்றை அழுத்தும்போது பிறக்கும் வெப்பம் சிலிண்டரையும் மோட்டாரையும் தாக்குவதால், 33 விழுக்காடு என்று குறிக்கப்பட்ட கருவியை அரைமணி நேரத்தில் பத்து நிமிடம் மட்டுமே ஓட்டலாம். இந்த விகிதம் எந்த அழுத்தத்தில், எந்த வெப்பநிலையில் அளக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மிதமான வெப்பத்தில் அளந்த எண் ஜெய்சல்மேரின் கோடை மணலில் அப்படியே நிற்காது. வெப்பம் மிகும்போது தானே நின்றுவிடும் பாதுகாப்பு இல்லாத கருவியைத் தவிர்ப்பது நல்லது.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் திறனை நிர்ணயிக்கிறது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பொதுவாக 10 முதல் 15 ஆம்பியர் மட்டுமே தாங்குவதால், அதில் இணையும் கருவிக்கு 180 வாட்டுக்கு மேல் கிடைப்பது அரிது. வேகமாக நிரப்பும் கருவிகள் 30 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுப்பதால் அவற்றைக் கிளிப் கொண்டு பேட்டரியிலேயே நேரடியாக இணைக்க வேண்டும். அந்த இணைப்பில் ஃபியூஸும் தடித்த கம்பியும் இருத்தல் அவசியம், எஞ்சினும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளேயே பேட்டரி உள்ள சிறு கருவி ஒரு டயரில் சற்றே குறைந்த காற்றைச் சரிசெய்ய உதவும். நான்கு பெரிய டயர்களை நிரப்பும் அளவுக்கு அதன் சேமிப்பு பெரும்பாலும் போதாது.

குழாய் பின்சக்கரம் வரை எட்டுகிறதா, காற்றை இழுக்கும் வாயில் கழுவத்தக்க தூசி வடிகட்டி உள்ளதா என்பவையும் கடையிலேயே பார்க்க வேண்டியவை. காற்று பாயும்போது குழாயிலுள்ள அழுத்தமானி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதால், கருவியை நிறுத்திய பிறகே அளவைப் படிக்க வேண்டும். தனி அழுத்தமானி ஒன்றையும் வைத்துக்கொள்வது நலம்.

இவ்வாறு தேர்ந்த கருவியையும் பயணத்துக்கு முன் வீட்டு வாசலிலேயே சோதிக்க வேண்டும். நான்கு டயர்களையும் 18 பிஎஸ்ஐக்கு இறக்கி, ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பி, ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டால், அனுமதிக்கப்பட்ட வேலை நேரத்துக்குள் அது பணியை முடிக்கிறதா என்பது தெளிவாகும். முடிக்காத கருவியை வைத்திருப்பவர், பாலைவனத்தின் ஓரத்தில் களைப்பும் அவசரமும் சேரும் வேளையில் அரைகுறைக் காற்றோடு நெடுஞ்சாலைக்கு ஏறிவிடக்கூடும் என்பதால், விலையில் மிச்சப்படுத்துவதைவிட இந்தச் சோதனையில் தேறும் கருவியை வாங்குவதே அறிவுடைமை.