ஆகாயத்தாமரை: தொட்டியில் அழகு, கானில் தொல்லை

சென்ற வார மன்றத்தில் வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நிபோங் திபால், பைராம் தோட்டத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "தம்பி, மீன் தொட்டியில மூணு ஆகாயத்தாமரைதான் போட்டேன். ரெண்டு மாசத்துல தண்ணியே தெரியல. மீனும் செத்துப் போச்சு. தப்பு செடி மேலயா, என் மேலயா?"

அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அது நம்மில் பலருக்கும் உரிய கேள்வி.

முதலில் செடியை அடையாளம் காண்போம். முட்டைக்கோஸ் விரிந்தது போல, வெளிர் பச்சை இலைகளோடு மிதப்பது ஆகாயத்தாமரை. ஊதாப் பூ பூத்து, இலைக்காம்பு வெங்காயம் போல் உப்பியிருந்தால் அது வெங்காயத்தாமரை, வேறு செடி. மலாய்க்காரர்கள் மிதக்கும் செடியைக் கியாம்பாங் என்பார்கள். படகு கடந்ததும் கியாம்பாங் மறுபடி ஒன்று கூடிவிடும் என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. சண்டையிட்ட உறவுகள் சேர்வதைச் சொல்வது அது. செடியின் குணமும் அதில் இருக்கிறது: விலக்கினாலும் மூடிக்கொள்ளும்.

வளர்ப்பது எளிது. மண் வேண்டாம். அசையாத தண்ணீர், காலை வெயில், மதியம் கொஞ்சம் நிழல் போதும். குழாய்த் தண்ணீரை ஓரிரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு செடியை விடுங்கள். தொட்டியில் மீன் இருந்தால் அதன் கழிவே உரம். இலை மஞ்சளானால் வெயில் அதிகம் அல்லது சத்துக் குறைவு என்று பொருள். உப்புத் தண்ணீர் ஆகாது. இலை கடித்தால் வாய் அரிக்கும்; குழந்தைகள் கவனம்.

தாய்ச்செடி பக்கவாட்டில் தண்டு நீட்டி, அதன் நுனியில் குட்டி போடும். அந்தக் குட்டியும் குட்டி போடும். தண்ணீர் முழுவதும் மூடினால் காற்று உள்ளே கலக்காது, வெளிச்சமும் இறங்காது. இரவில் செடியும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். அழுகும் இலையும் எடுத்துக்கொள்ளும். மீன் மூச்சுத் திணறுவது இதனால்தான். ஆகவே பாதித் தண்ணீராவது கண்ணுக்குத் தெரியவேண்டும். வாரம் ஒருமுறை மிச்சத்தை அள்ளிவிடுங்கள்.

அடுத்தது கொசு. டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு, மூச்சுவிடத் தண்ணீரின் மேலே வரும். கப்பி மீன் தின்றுவிடும். வீட்டில் கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு என்பது நமக்குத் தெரிந்ததே. ஆனால் மான்சோனியா என்ற கொசுவின் கதை வேறு. அதன் புழு மேலே வராது. கூரிய குழலால் செடியின் வேரைத் துளைத்து, அதிலிருந்தே காற்றை உறிஞ்சும். தண்ணீர் மேல் எண்ணெய் ஊற்றினாலும் சாகாது. வேர்க்கூட்டத்துக்குள் மீனுக்கும் எளிதில் அகப்படாது. இந்தக் கொசுதான் ஒருவகை யானைக்கால் நோயைப் பரப்புகிறது.

கேரளத்துச் சேர்த்தலையில் தென்னைக்கு உரமாகக் குளங்களில் ஆகாயத்தாமரையை வளர்த்தார்கள். அங்கே யானைக்கால் நோயும் இருந்தது. திருவிதாங்கூரில் நோய்க்கும் செடிக்கும் உள்ள தொடர்பை எம்.ஓ.டி. ஐயங்கார் ஆராய்ந்து 1938இல் எழுதினார். 1980களில் புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் ஊர் மக்களைச் சேர்த்து, குளங்களில் செடியை அகற்றி மீன் வளர்க்க வைத்தது. செடி போனது; மக்களுக்கு மீன் வருமானமும் கிடைத்தது. மருந்து தெளிப்பதைவிடச் செடியை அள்ளுவது பெரிய மருத்துவம் என்பதே அதன் பாடம்.

இதையெல்லாம் சொன்னபின் அந்த அம்மாவிடம் நான் ஒன்று கேட்டேன்: "அள்ளினதை எங்கம்மா போட்டீங்க?"

"வீட்டுக்குப் பின்னாடி கான்லதான் தம்பி."

அங்கேதான் சிக்கல். தொட்டியில் மூன்று செடி உங்கள் பொறுப்பு. கானில் போட்டது ஊருக்கே சொந்தம். செம்பனைத் தோட்டத்துக் கான்களில் தண்ணீர் மெதுவாக ஓடும். செடிக்கு அது சொர்க்கம். கான் அடைத்தால் மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். வேருக்கடியில் கொசு குடியேறும். கடலை ஒட்டிய உப்புத் தண்ணீரில் செடி செத்துப்போகும். அதற்கு முன்னால் உள்ள நன்னீரில்தான் நம் வீடுகள் இருக்கின்றன.

வழி எளிது. அள்ளிய செடியைக் கானை விட்டுத் தள்ளி, மேட்டில் வெயிலில் பரப்புங்கள். நன்றாகக் காய்ந்ததும் மண்ணோடு கலந்து மக்கவிட்டு, வாழைக்கோ கறிவேப்பிலைக்கோ போடுங்கள். ஒரு வேர்கூட ஈரத்தோடு கானுக்குப் போகக்கூடாது.

"அப்போ தப்பு செடி மேல இல்ல" என்றார் அந்த அம்மா. "உங்க மேலயும் இல்லம்மா, இதுவரைக்கும் யாரும் சொல்லல. இனிமே பக்கத்து வீட்டுக்கும் நீங்கதான் சொல்லணும்" என்றேன். உங்களுக்கும் அதே வேண்டுகோள்தான்.