உணவுதான் காரணமா? எவ்வாறு அறிவது?

மும்பையின் விக்ரோலியில் ஒரே குடியிருப்பில் வாழும் தமிழருக்கும் பஞ்சாபியருக்கும் இருதய நோயில் வேற்றுமை காணப்படுமாயின், அதற்கு அவரவர் உணவே காரணம் என்று தீர்ப்பளித்துவிடலாமா?

ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்த டாக்டர் எஸ்.எல். மல்ஹோத்ரா, கொழுப்பைப் பன்மடங்கு மிகுதியாக உண்ட வட இந்தியரைவிடத் தென்னிந்தியரிடையே இருதய ரத்தக்குழாய் நோயால் நேர்ந்த மரணம் ஏறத்தாழ 7 மடங்கு என்று 1967-இல் எழுதினார். ஆயினும், புகைப்பழக்கமும் உடலுழைப்பும் பரம்பரையும் உணவோடு பின்னிக் கிடப்பதால், இரு சமூகங்களின் சராசரியைக் கொண்டு தனிமனிதனுடைய நோய்க்குக் காரணம் கற்பிப்பது நியாயமாகாது.

ஆகவேதான், நோயற்றோரின் ஆகாரத்தை முன்னரே குறித்துக்கொண்டு, பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து, புகைப்போரைப் புகைப்போருடனும் முதியோரை முதியோருடனும் ஒப்பிடும் முறை தோன்றிற்று. அதிலும், உண்டதை நினைவிலிருந்து சொல்லும்போது பிழை நேரும். அளவிடப்படாத காரணங்களும் எஞ்சும்.

இக்குறையைப் பெரிதும் களைவது, குலுக்கல் முறையில் மனிதரைப் பிரிக்கும் பரிசோதனை. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 இந்தியரை இவ்வாறு பிரித்து ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். 3 ஆண்டுகளில், வழக்கம்போல் வாழ்ந்தோரில் 55 விழுக்காட்டினரும், உணவையும் உடற்பயிற்சியையும் சீர்படுத்தியோரில் 39 விழுக்காட்டினரும் நீரிழிவுக்கு ஆளாயினர். ஆனால் இவ்விரண்டில் எதன் பங்கு எவ்வளவு என்பதை இச்சோதனை பிரித்துக் காட்டாது.

எனவே, ஓர் உணவைப் புகழ்ந்தோ பழித்தோ வரும் செய்தியைப் படிக்கும் வாசகர், எம்முறையில் அது நிறுவப்பட்டது என்று முதலில் வினவுவாராக.