முன் சக்கரத்தின் 9 மில்லிமீட்டர்

ராஜ்தூத் 350 பைக்கைப் பறக்கவிடுவதைவிட அதை நிறுத்துவதுதான் பெரிய வேலை என்று அந்த வண்டியை வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். யமஹா ஆர்டி 350-ஐ ஃபரிதாபாத்தின் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் இந்தப் பெயரில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். முதலில் வந்த வண்டி 30.5 குதிரைத்திறன் கொடுத்தது. வெளிநாடுகளில் ஆர்டி 350-க்கு முன்பக்கம் டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே விலையைக் குறைக்க டிரம் வைத்தார்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஏறும்போது இந்த வண்டிக்கு ஈடில்லை. இறங்கும்போது கதை வேறு. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டியை இழுத்துப் பிடிக்கும் விசை மிகக் குறைவு. முழுச் சுமையும் பிரேக்கின் தலையில் விழும். நாலைந்து வளைவுகளுக்குள் டிரம் சூடேறிப் பிடிப்பு தளர்ந்துவிடும். அதனால்தான் பழைய ஆர்டிக்காரர்கள் பலருக்கும் ஒரே ஆசை: டிஸ்க்கோடு வரும் புது வண்டியின் 17 அங்குல அலாய் சக்கரத்தை முன்னால் மாட்டிவிட வேண்டும். ஆக்சில் கனத்துக்கு ஏற்ப புஷ் கடைந்து, காலிபரைப் பிடிக்க ஒரு பிளேட் வெட்டினால் சக்கரம் உட்கார்ந்துவிடும். பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் பழைய 18 அங்குலத்திலிருந்து வரும் அந்த ஒரு அங்குலக் குறைவு வண்டியின் சுபாவத்தையே மாற்றிவிடுகிறது. ஏன் என்று பார்த்தால், மனிதர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவிழ்த்துக்கொண்டிருக்கும் ஒரு புதிருக்குள் போய் நிற்போம்.

முதலில் கணக்கு. ஆர்டியின் முன் டயர் 3.00-18. தரையிலிருந்து ஆக்சில் நடுப்பகுதி சுமார் 305 மி.மீ. உயரத்தில் இருக்கும். அந்த இடத்தில் 110/70-17 டயர் வந்தால் உயரம் சுமார் 293. வண்டியின் மூக்கு 12 மி.மீ. இறங்குகிறது. அவ்வளவுதானே என்று தோன்றும்.

இப்போது வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்துங்கள். ஹேண்டில் திரும்பும் அச்சு, அதாவது கோன் செட்டின் நடுவே போகும் ஸ்டெம், சாய்வாக இருக்கிறது. அந்தச் சாய்விலேயே ஒரு நீளக் கம்பியைப் பிடித்துத் தரைவரை நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் தொடும். அங்கே சாக்பீஸால் ஒரு புள்ளி. பிறகு கொத்தனாரின் தூக்குக்குண்டை ஆக்சில் நடுவிலிருந்து தொங்கவிட்டு, அது தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. டயர் தரையை மிதிக்கும் இடம் அது. இரண்டு புள்ளிகளுக்கும் இடையே சுமார் 10 செ.மீ. இருக்கும். இதற்கு டிரெயில் என்று பெயர். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சின்னச் சக்கரம் எந்தப் பக்கம் தள்ளினாலும் தானே பின்னால் திரும்பி நேராவது போல, இந்த 10 செ.மீ.தான் முன் சக்கரத்தை ஓயாமல் நேர்ப்பாதைக்கு இழுக்கிறது. ஓடும் வண்டியில் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் உயிரைக் காக்கும் நீளம் அது.

சக்கரத்தின் ஆரம் குறைந்தால் டிரெயிலும் குறையும். ஃபோர்க் 27 டிகிரி சாய்ந்திருப்பதாக வைத்துக்கொண்டால், 12 மி.மீ. குறைவால் நேரடியாக 6 மி.மீ. போகும். மூக்கு இறங்கியதால் ஃபோர்க் அரை டிகிரி நிமிர்ந்து இன்னொரு 3 மி.மீ.யைத் தின்னும். மொத்தம் 9 மி.மீ.; இருந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஹேண்டில் லேசாகும், வளைவுக்குள் வண்டி சட்டென்று விழும். சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும். வேகம் கூடி, சாலையில் ஒரு மேடு தட்டும்போது அதே லேசான ஹேண்டில் கையில் ஆட ஆரம்பிக்கலாம். மழையில் நனைந்த மலைப்பாதையில் அந்த ஆட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்பீடோமீட்டரும் ஏமாற்றும். முன் சக்கரத்திலிருந்து கேபிள் போகும் வண்டியில் சிறிய சக்கரம் அதிகம் சுற்றும். நிஜத்தில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது முள் 62-ஐத் தாண்டி நிற்கும்.

சரி, சுழலும் சக்கரத்தின் கைரோ விசை வண்டியை நிமிர்த்திப் பிடிக்காதா? திருவனந்தபுரத்தில் இந்தக் கேள்விக்குத் தனி மரியாதை உண்டு. நகரின் வட்டியூர்க்காவில் இஸ்ரோவின் இனர்ஷியல் சிஸ்டம்ஸ் யூனிட் இருக்கிறது. ராக்கெட்டின் போக்கை உணரும் கைரோஸ்கோப்களையும், செயற்கைக்கோளைத் திருப்பும் சுழல் சக்கரங்களையும் அங்கேதான் உருவாக்குகிறார்கள். சுழலும் பொருள் தன் அச்சை எளிதில் விட்டுக்கொடுக்காது என்ற அதே விதி பைக் சக்கரத்துக்கும் பொருந்தும். கனமான சக்கரம் வேகமாகச் சுழலும்போது வண்டியைச் சாய்க்கக் கூடுதல் வலு தேவைப்படுவதை ஓட்டுகிறவர் கையிலேயே உணரலாம்.

ஆனால் வண்டி விழாமல் நிற்பதற்கு அது மட்டும் காரணமல்ல. பிரிட்டிஷ் வேதியியலாளர் டேவிட் ஜோன்ஸ் ஓட்டவே முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்து பார்க்கக் கிளம்பினார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், தரையைத் தொடாமல், எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை மாட்டிக் கைரோ விளைவை அழித்தார். ஓட்ட முடிந்தது. முன் சக்கரத்தையே கழற்றிவிட்டு, மேசை நாற்காலிக்கு அடியில் பொருத்தும் குட்டி உருளையை வைத்தார். அதையும் ஓட்ட முடிந்தது. கடைசியில் முன் சக்கரத்தை நான்கு அங்குலம் முன்னுக்குத் தள்ளி டிரெயிலைத் தலைகீழாக்கினார். அந்த சைக்கிளை ஓட்டுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. 1970இல் ஃபிசிக்ஸ் டுடே இதழில் வந்த இந்தக் கட்டுரைக்குப் பிறகு, டிரெயில்தான் எல்லாம் என்று பலரும் முடிவுகட்டினார்கள்.

2011இல் அந்த முடிவும் ஆட்டம் கண்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைரோ விளைவே இல்லாத, டிரெயில் சற்றே தலைகீழான ஒரு விசித்திர வண்டியைச் செய்து, ஆளில்லாமல் தள்ளிவிட்டார்கள். அது தானாகவே நிமிர்ந்து ஓடியது. எடை எங்கே எவ்வளவு அமர்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே வண்டியை நிமிர்ந்து நிற்கவைக்கிறது என்பதை அவர்கள் சயன்ஸ் இதழில் காட்டினார்கள். சக்கரம், சாய்வு, எடை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவை அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. எனக்கு இது அலுக்காத ஆச்சரியம்.

நிறுவனங்களும் இதில் தடுமாறித்தான் கற்றன. 1980களில் பந்தய வண்டிகளைப் பார்த்து, சாலை வண்டிகளுக்கும் 16 அங்குல முன் சக்கரம் வந்தது. 1984இல் வந்த கவாசாகி ஜிபிஇசட் 900ஆர் அப்படிப்பட்டது. பின்னாளில் அதுவே 17-க்கு மாறியது. ஹோண்டாவின் டடாவோ பாபா வடிவமைத்து 1992இல் வெளியான ஃபயர்பிளேடும் 16 அங்குலத்தில்தான் வந்தது. அதற்கு 17 மாட்டும் பழக்கம் உலகமெங்கும் உண்டு. அங்கே ஒரு வேடிக்கை: அதன் 130/70-16 டயர் தடிமனானது. ஆகவே 120/70-17 மாட்டினால் ஆரம் 6 மி.மீ.கூட ஏறாது, டிரெயில் சுமார் 4 மி.மீ. கூடும். வண்டி சற்று நிதானமாகும். ஆக, ரிம்மில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. டயரோடு சேர்த்து அளக்க வேண்டும். 2000இல் ஹோண்டாவே 17-க்கு வந்துவிட்டது.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கவில்லை என்று தெளிவாக்கியது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. பழைய வண்டிப் பிரியர்களுக்கு இது கசக்கும். ஆனால் எதிரே வருபவருக்கு நம் டிரெயில் எவ்வளவு என்று தெரியாது.

பிரேக்தான் கவலை என்றால், முதலில் டிரம்மையே சீராக்கிப் பார்க்கலாம். உள்வட்டத்தைக் கடைந்து, புது ஷூவை அந்த வளைவுக்கே உரசிப் பொருத்தி, இரண்டு லீவர்களும் ஒரே நேரத்தில் திறக்கும்படி ராடை அளந்து வைத்தால் பிடிப்பு நிறையவே மீளும். ஸ்போக்ஸ் இறுக்கி, கோட்டம் எடுத்து, பழைய 18 அங்குல ரிம்மிலேயே நல்ல டயர் போட்டுக்கொள்ளலாம். பொன்முடியிலிருந்து இறங்கும்போது மட்டும் இரண்டாவது கியரிலேயே வரட்டும்.