பேரேட்டில் இல்லாத கடன்

விருதுநகரில் எங்கள் பலசரக்கு மொத்தக் கடை இன்றும் நடக்கிறதென்றால் அது எங்கள் அப்பத்தாவால்தான். 1922-ல் பிறந்து, 96 வயது வாழ்ந்து, 2018-ல் இயற்கை எய்தினார்கள்.

1956-ல் தாத்தா திடீரென மறைந்தபோது அப்பத்தாவுக்கு வயது 34. கையில் நான்கு குழந்தைகள். கடையை மூடிவிடலாம் என்றார்கள் உறவினர்கள். அப்பத்தா சம்மதிக்கவில்லை. பேரேட்டில் இருந்த பாக்கியோடு, தாத்தா வாய்ச்சொல்லில் வாங்கியிருந்த சரக்குக்கும் மண்டி மண்டியாக ஆளனுப்பி விவரம் கேட்டார்கள். நகைகளை விற்று எல்லாவற்றையும் தீர்த்தார்கள். அதன்பின் எங்களுக்குக் கடனில் சரக்குத் தர எந்த மண்டியும் தயங்கியதில்லை.

1957-ல் நயா பைசா வந்தது. 16 அணா 100 பைசாவாயிற்று. ஓரணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. “கால் பைசா போகட்டும், ஆறு பைசாவே வாங்கு. வாடிக்கை போய்விடக் கூடாது” என்று சொல்லிவிட்டார்களாம்.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்து நாங்கள் கம்ப்யூட்டர் முன் திணறியபோதும் அவர்கள் கேட்டது ஒன்றே: “கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாச்சா?”

வணிக நண்பர்களே, நாணயங்கள் மாறலாம். நாணயம் மாறக்கூடாது. அப்பத்தா எங்களுக்கு வைத்துப்போன சொத்து அதுதான்.