அறைக் கணக்கில் ஒளிந்திருக்கும் வருமானக் கணக்கு

கூட்டுக் குடியிருப்பில் ஒற்றைப் படுக்கையறை வீடு எத்தனை, மூன்று படுக்கையறை வீடு எத்தனை என்பது வரைபடம் ஒப்புதலுக்குப் போகுமுன் முடிவாக வேண்டியது. சேர விரும்புவோரின் தேவையைக் கேட்டுக் கூட்டிப் பார்த்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் பணம் எந்த முறையில் வசூலாகிறது என்பதும் அந்த எண்ணிக்கைக்குள் புகுந்துகொள்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2013இல் கட்டி முடிந்த லிலாக் குடியிருப்பு இதற்குத் தெளிவான சான்று.

அங்கு இருப்பவை 20 வீடுகள். ஒற்றைப் படுக்கையறை முதல் நான்கு படுக்கையறை வரை. அத்தனையும் குடியிருப்போரின் சங்கத்துக்குச் சொந்தம். வங்கிக் கடனும் சங்கத்தின் பெயரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் நிகர வருமானத்தில் 35 சதவீதம் செலுத்துகிறது. செலவு போக மீதி அக்குடும்பத்தின் பங்காகச் சேர்கிறது. விலகும்போது பங்கின் மதிப்பு சராசரி ஊதியத்தை ஒட்டிக் கணக்கிடப்படும். ஊரில் வீட்டு விலை எகிறினாலும் அந்த லாபம் யார் கைக்கும் போகாது.

எந்நாளும் கட்டுப்படியாகும் வீடு என்பது இத்திட்டத்தின் முழக்கம். யாருக்குக் கட்டுப்படியாகும் என்பதை அறை எண்ணிக்கை சொல்லிவிடுகிறது. விகிதம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் வங்கி கேட்பது விகிதத்தை அல்ல, தவணையை. ஆகவே ஒவ்வொரு வீட்டளவுக்கும் குறைந்தபட்ச வருமானம் விதிக்கப்பட்டிருக்கிறது. பேச்சுக்கு, ஒரு வீட்டின் சுமை மாதம் 700 பவுண்டு என்றால் அதற்கு 2,000 பவுண்டு வருமானம் வேண்டும். 1,050 என்றால் 3,000. இரு குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் தாய்க்குப் பெரிய வீடு தேவை, வருவதோ ஒரே சம்பளம். இருவரும் சம்பாதிக்கும், குழந்தையில்லாத தம்பதிக்குத் தகுதி உண்டு, தேவை இல்லை. பெரிய வீடுகளைக் கூட்டினால் குழந்தைகள் கூடுவார்கள் என்பது பாதி உண்மைதான். முதலில் கூடுவது இரட்டைச் சம்பளம். அளவுப் பட்டியலை எழுதுவோர் வருமானப் பட்டியலையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

அறை எண்ணிக்கையை முடிவு செய்யும்போது எழும் மற்றக் கேள்விகளுக்கு விடை சுருக்கமானது.

வயது வரம்பு இருந்தால்? லண்டன் பார்னெட்டில் 2016இல் குடியேற்றம் நடந்த நியூ கிரவுண்ட் குடியிருப்பு, 50 வயது கடந்த பெண்களுக்கானது. 25 வீடுகளில் ஒற்றைப் படுக்கையறை வீடு 11, இரண்டு படுக்கையறை வீடு 11, மூன்று படுக்கையறை வீடு 3.

வருமானம் குறைந்தவர்கள்? அங்கே 8 வீடுகள் குறைந்த வாடகைக்கென ஒதுக்கப்பட்டன.

உறுப்பினர்களின் விருப்பப் பட்டியலை நம்பலாமா? நியூ கிரவுண்டில் குடியேறிய பெண்களின் குழு தொடங்கியது 1998இல். குடியேற 18 ஆண்டு ஆனது; அத்தனை காலத்துக்கு எந்தப் பட்டியலும் தாங்காது.

விருந்தினர் வந்தால்? பொதுக் கட்டடத்தில் ஓர் அறை இருந்தால் வீட்டுக்கு வீடு வேண்டாம்.

குடும்பம் பெருகினால்? சூரிச்சின் கால்க்பிரைட்டே குடியிருப்பில் தனியே வாடகைக்கு எடுக்கும் ‘ஜோக்கர்’ அறைகள் உண்டு. தேவை தீர்ந்தால் அறை அடுத்தவருக்குப் போகும்.