ஐந்து டாலர் தர மறுத்த வாக்காளர்கள்

ஆண்டுக்கு ஐந்து டாலர். அமெரிக்காவில் அது ஒருவேளைச் சிற்றுண்டிக்குக்கூடப் போதாத தொகை. வாகனம் ஒன்றுக்கு அந்தத் தொகையைக் கூடுதல் பதிவுக் கட்டணமாகச் செலுத்தினால், தாங்கள் கடந்து செல்லும் பழுதடைந்த பாலம் புதிதாகவும் அகலமாகவும் கட்டப்படும் என்று ஓரிகன் மாநிலத்தின் கிளாக்கமஸ் கவுன்ட்டி மக்களிடம் கூறப்பட்டது. 2011 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் பத்தில் ஆறு பேருக்கு மேல் அதை நிராகரித்தனர்.

இதைக் கஞ்சத்தனம் என்று முத்திரை குத்திவிடுவது எளிது. உள்ளாட்சிகளின் நிதியையும் அவற்றின் மீதான மக்களின் ஐயத்தையும் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் இந்த நிகழ்வை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அந்த விளக்கம் இதற்குப் பொருந்தவில்லை என்பதுதான்.

முதலில் சில விவரங்கள். கவுன்ட்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்தைப் போன்ற நிலப்பிரிவு. ஆனால், அதை நிர்வகிப்பவர் அரசு நியமிக்கும் ஆட்சியர் அல்லர். மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆணையர்கள். போர்ட்லண்ட் நகரின் பெரும்பகுதி மல்ட்னோமா கவுன்ட்டியில் அடங்கும். நகரின் நடுவே ஓடும் வில்லமெட் ஆற்றின் மீதுள்ள பாலங்களில் சில அந்தக் கவுன்ட்டிக்குச் சொந்தமானவை. அவற்றுள் தென்கோடியில் இருப்பது செல்வுட் பாலம். அதைக் கடந்து சற்றுத் தெற்கே சென்றால் கிளாக்கமஸ் கவுன்ட்டி தொடங்கிவிடும். தெற்கே அடுத்த பாலத்துக்குப் பல மைல் செல்ல வேண்டும் என்பதால், இரண்டே தடங்கள் கொண்ட இந்தக் குறுகிய பாலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30,000 வாகனங்கள் சென்றுவந்தன. பாலம் மல்ட்னோமாவுடையது. ஆனால், அதன் போக்குவரத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு கிளாக்கமஸ் பகுதியோடு தொடர்புடையது என்பது கட்டண ஆதரவாளர்களின் வாதம். உடைமை ஓரிடத்திலும் பயன் வேறிடத்திலும் இருந்ததே சிக்கலின் வேர்.

பாலத்தின் நிலை மோசமாக இருந்தது என்பதில் ஐயமில்லை. மேற்குக் கரையின் மலைச்சரிவு மெல்ல மெல்ல ஆற்றை நோக்கி நகர்ந்து, அணுகுசாலையின் கான்கிரீட்டில் விரிசல்களை உண்டாக்கியிருந்தது. 2004-இல் பாலத்தின் எடை வரம்பு 32 டன்னிலிருந்து 10 டன்னாகக் குறைக்கப்பட்டது. அன்றுமுதல் பேருந்துகளும் கனரக லாரிகளும் சுற்றுவழியில் சென்றன. நடப்பவர்களுக்கு ஒரே ஒரு பக்கத்தில், இருவர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவில் நடைபாதை. மிதிவண்டிக்காரர்களுக்கும் அதுவே வழி.

அமெரிக்கக் கூட்டரசு பாலங்களுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு தகுதி மதிப்பெண் வழங்கிவந்தது. செல்வுட் பாலம் பெற்ற மதிப்பெண் 2. இந்த ஓர் எண் பேச்சுக்குப் பேச்சு முழங்கப்பட்டது. 2007 ஆகஸ்ட் 1 அன்று மினியாபோலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றுப் பாலம் இடிந்து 13 பேர் இறந்தபோது அந்தப் பாலத்தின் மதிப்பெண் 50 என்பதும் உடன் சேர்த்துச் சொல்லப்பட்டது. ஐம்பது வாங்கிய பாலமே விழுந்ததென்றால் இரண்டு வாங்கியது என்னவாகும் என்ற கேள்வி எவரையும் நடுங்கச் செய்யும். ஆனால், அந்த மதிப்பெண் பாலம் விழும் வாய்ப்பை அளப்பதன்று. பாலத்தின் வலிமையோடு, அகலம் போதுமா, இன்றைய போக்குவரத்துக்கு ஈடுகொடுக்கிறதா, மாற்றுவழி எவ்வளவு தொலைவு என்பவற்றையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. மினியாபோலிஸ் பாலம் விழுந்ததற்கு, இணைப்புத் தகடுகள் தேவையைவிட மெல்லியவையாக வடிவமைக்கப்பட்டதே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த வடிவமைப்புப் பிழை மதிப்பெண்ணில் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆக, எண் பொய்யன்று. அது பயன்படுத்தப்பட்ட விதம் முழு உண்மையுமன்று. மக்கள் இத்தகைய நுட்பங்களை அறியமாட்டார்கள் என்று அதிகாரிகள் நினைக்கலாம். இரண்டு மதிப்பெண் வாங்கிய பாலத்தை ஏன் இன்னும் மூடவில்லை என்று ஒரு வாகன ஓட்டி கேட்டுவிட்டால், அச்சமூட்டிச் சேர்த்த ஆதரவு அங்கேயே கரையத் தொடங்கிவிடும்.

இந்தப் பாலம் இவ்வளவு குறுகலாகவும் சிக்கனமாகவும் கட்டப்பட்டது ஏன் என்று தேடிச் சென்றால், அங்கும் பொதுப்பணத்தின் மீதான ஐயமே எதிர்ப்படுகிறது. 1920-களில் மல்ட்னோமா கவுன்ட்டி மூன்று பாலங்களைக் கட்ட முடிவுசெய்தது: பர்ன்சைட், ராஸ் ஐலண்ட், செல்வுட். ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டபோது குறைந்த தொகை குறிப்பிட்டவர்களைத் தள்ளிவிட்டு, அதிகத் தொகை கேட்டவர்களுக்கு ஆணையர்கள் ஒப்பந்தத்தை வழங்கினர். ஊர் கொதித்தது. 1924-இல் நடந்த திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பில் மூன்று ஆணையர்களும் ஒருசேரப் பதவியிழந்தனர். புதிதாக வந்தவர்கள், நியூயார்க்கின் ஹெல் கேட் பாலத்தை வடிவமைத்துப் புகழ்பெற்றிருந்த குஸ்தாவ் லிண்டெந்தாலைப் பொறியாளராக அமர்த்தினர். செலவைக் குறைப்பதே அவருக்கு இடப்பட்ட முதல் பணி. மூன்று பாலங்களில் அதிகம் சுருங்கியது செல்வுட். நடைபாதை ஒன்றாயிற்று, டிராம் தடம் இல்லை, பழைய பர்ன்சைட் பாலத்தின் இரும்புத் தூலங்கள் இதன் அணுகுபகுதிக்கு மறுபடியும் பயன்படுத்தப்பட்டன. 1925 டிசம்பரில் பாலம் திறக்கப்பட்டது.

ஊழல் செய்ததாகக் கருதப்பட்டவர்களை வாக்காளர்கள் தண்டித்தது சரியே. ஆனால், அந்த ஐயத்தின் விலையை அவர்களின் பேரப்பிள்ளைகள் எண்பதாண்டுகள் கழித்து, பேருந்து வராத பாலத்தின் வடிவில் கொடுத்தார்கள். மக்களின் நம்பிக்கையின்மையைப் பற்றிப் பேசுவோர் அதை வெறும் மனநிலையாகவே பார்க்கிறார்கள். அது தடங்களின் அகலத்திலும் தூலங்களின் தடிமனிலும்கூடப் பதிந்துவிடக்கூடியது என்பதற்குச் செல்வுட்டைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

இனி 2009-க்கு வருவோம். அந்த ஆண்டு ஓரிகன் சட்டமன்றம் நிறைவேற்றிய போக்குவரத்துச் சட்டம், செல்வுட் பாலத்துக்காக வாகனப் பதிவுக் கட்டணத்தை வாக்காளர்களிடம் கேட்காமலேயே உயர்த்திக்கொள்ளும் உரிமையை இந்தக் கவுன்ட்டிகளுக்கு வழங்கியது. மல்ட்னோமா ஆணையர்கள் ஆண்டுக்கு 19 டாலர் விதித்தனர். 2010 டிசம்பரில் கிளாக்கமஸ் ஆணையர்கள் தங்கள் பங்காக 5 டாலர் விதிக்க முடிவெடுத்தனர். இருபது ஆண்டுகளில் இதன்மூலம் 2.2 கோடி டாலர் திரட்டுவது திட்டம். மொத்தச் செலவோ அன்றைய கணக்கில் 30 கோடி டாலரை ஒட்டியது. பயனில் எழுபது விழுக்காடு, செலவில் ஏறத்தாழ ஏழு விழுக்காடு. கணக்கை மட்டும் பார்த்தால் கிளாக்கமஸுக்குக் கிடைத்தது மிகமிக மலிவான பேரம்.

ஆயினும், எதிர்ப்பாளர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள். உள்ளாட்சி விதித்த ஒரு கட்டணத்தைப் போதிய கையெழுத்துகளுடன் வாக்கெடுப்புக்கு இழுத்துவரும் உரிமை ஓரிகன் மக்களுக்கு நெடுங்காலமாக உண்டு. நம் வாக்காளர்களுக்குச் சற்று வியப்பளிக்கும் உரிமைதான். சட்டம் கேட்க வேண்டாம் என்று சொன்னதால் ஆணையர்கள் கேட்கவில்லை; அவர்கள் கேட்கவில்லை என்பதையே மற்றொரு சட்டத்தின் வழியாக மக்கள் தண்டித்தார்கள்.

எதிர்த்தவர்களின் நியாயத்தில் நான் மதிக்கும் பகுதி ஒன்றுண்டு. பாலத்தைப் பழுதாகவிட்டது அவர்கள் தேர்ந்தெடுத்த அரசன்று. அதன் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, ஏன் போதவில்லை என்று கேட்கும் இடத்தில் அவர்கள் இல்லை. புதிய பாலம் கட்டும்போது வடிவமைப்பிலும் செலவிலும் இறுதிச் சொல் அவர்களுடையதாகப் போவதுமில்லை. பணம் கேட்கப்பட்டது, பொறுப்பில் பங்கு வழங்கப்படவில்லை. ஐந்து டாலரோ ஐம்பது சென்ட்டோ, இந்த இடத்தில் தொகை ஒரு பொருட்டல்ல. பேரம் மலிவானது என்று மீண்டும் மீண்டும் விளக்கியவர்கள், எவரும் எழுப்பாத கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஐயம் பாலத்தோடு நிற்கவும் இல்லை. 2012 செப்டம்பரில், ரயில் பாதைகளுக்குக் கவுன்ட்டி பணம் செலவிட வேண்டுமானால் வாக்காளர் ஒப்புதல் கட்டாயம் என்ற விதியை அதே கிளாக்கமஸ் மக்கள் நிறைவேற்றினர். நவம்பரில் ஆணையக் குழுவின் தலைவர் தேர்தலில் தோற்றார். அதே நவம்பரில் ஆற்றுக்கு வடக்கே, வாஷிங்டன் மாநிலத்தின் கிளார்க் கவுன்ட்டியில், கொலம்பியா ஆற்றின் புதிய பெரும்பாலத்தில் ஓடவிருந்த ரயிலின் நடைமுறைச் செலவுக்கான விற்பனை வரி உயர்வும் நிராகரிக்கப்பட்டது. அந்தப் பெரும்பாலத் திட்டம் அடுத்த ஆண்டு வாஷிங்டன் மாநில மேலவையில் நிதி கிடைக்காமல் முடங்கியது.

பயன்படுத்துவோரே செலுத்தட்டும், சுங்கம் வசூலித்தால் போதாதா என்ற கேள்வி எழலாம். அந்தக் கொலம்பியா ஆற்றின் பழைய பாலம் அப்படித்தான் கட்டப்பட்டது. 1917-இல் மல்ட்னோமாவும் கிளார்க்கும் கடன்பத்திரங்கள் வெளியிட்டுப் பணம் திரட்டிக் கட்டி, ஐந்து சென்ட் சுங்கம் வாங்கின. பாலத்தை இரு மாநிலங்களும் வாங்கிக்கொண்டபின் 1929-இல் சுங்கம் நீக்கப்பட்டது. முடிவு தேதி உள்ள வசூல் என்பதால் அதில் ஒரு நேர்மை இருந்தது. ஆனால், பக்கத்திலேயே இலவசப் பாலங்கள் பல இருக்கும் நகருக்குள் ஒரு பாலத்துக்கு மட்டும் சுங்கம் வைத்தால் வண்டிகள் அவற்றை நோக்கித் திரும்பும், வசூல் குறையும், அண்டைத் தெருக்கள் திணறும். செல்வுட்டுக்கு அது ஏற்ற வழியென்று எனக்குத் தோன்றவில்லை.

கிளாக்கமஸின் பங்கு இல்லாமலேயே மல்ட்னோமா வேலையைத் தொடங்கியது. போர்ட்லண்ட் நகரமும் மாநிலமும் பணம் தந்தன. கூட்டரசிடமிருந்து 1.77 கோடி டாலர் மானியம் கிடைத்தது. 2013 ஜனவரியில் 1,100 அடி நீளமும் 3,400 டன் எடையும் கொண்ட பழைய பாலத்தின் இரும்புச் சட்டகம் அப்படியே ஒரே நாளில் பக்கவாட்டில் நகர்த்தப்பட்டுத் தற்காலிகத் தூண்கள் மீது அமர்த்தப்பட்டது. சில நாள்களில் அதன் வழியே போக்குவரத்து மீண்டும் ஓட, காலியான இடத்தில் புதிய பாலம் எழுந்தது. காலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்திய இந்த வேலையைக் கரையில் நின்று மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். பொதுப்பணம் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு உள்ளாட்சிகளில் அபூர்வம். ஏறத்தாழ 32 கோடி டாலர் செலவில் 2016 பிப்ரவரி இறுதியில் புதிய பாலம் திறக்கப்பட்டது. இருபுறமும் அகன்ற நடைபாதைகள், மிதிவண்டித் தடங்கள், பேருந்துகளும் திரும்பின. கிளாக்கமஸ் வண்டிகளும் முன்புபோலவே அதில் செல்கின்றன. அதைத் தடுக்க வழியில்லை, தடுக்கவும் கூடாது.

2011-இல் கிளாக்கமஸ் ஆணையர்கள் வேறென்ன செய்திருக்கலாம்? கட்டணம் விதிப்பதற்கு முன் வாக்கெடுப்பை அவர்களே நடத்தியிருக்கலாம். இருபது ஆண்டு என்ற காலவரம்பை மீற முடியாதபடி எழுதி, திட்டக்குழுவில் தங்கள் கவுன்ட்டிக்கு வாக்குரிமையோடு ஓர் இடத்தை முதலிலேயே கேட்டுப் பெற்றிருக்கலாம். அப்படிச் செய்தும் தோற்றிருக்கக்கூடும். ஆனால், அந்தத் தோல்வி ஒரு பாலத்துக்கான தோல்வியாக மட்டும் முடிந்திருக்கும். அடுத்த ஆண்டின் ரயில் பாதைவரை நீண்டிருக்காது என்றே எண்ணுகிறேன்.

மல்ட்னோமாவில் வசூல் நிற்கவில்லை. 2021 முதல் ஆண்டுக் கட்டணம் 19 டாலரிலிருந்து 56 டாலராக உயர்ந்தது. இம்முறை காரணம், 1924-இன் ஒப்பந்தத் தகராறில் சிக்கிய அதே பர்ன்சைட் பாலம். 1926-இல் திறக்கப்பட்ட அது பெரும் நிலநடுக்கத்தைத் தாங்காது என்பதால் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது. செலவு 90 கோடி டாலரை ஒட்டியதாகக் கணிக்கப்பட்டபோது, திட்டமிட்ட ஐந்து தடங்கள் நான்காகக் குறைக்கப்பட்டன.