இரு நாடுகளுக்கு ஒரு பல்கலைக்கழகம்

ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை அறியாதவர், பிரெஞ்சு-ஜெர்மானியப் பல்கலைக்கழகம் என இன்று வழங்கும் அமைப்பின் உட்பொருளை விளங்கிக்கொள்ள இயலாது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

சீர்திருத்தக் காலத்தில், 1538-ல், யோவான் ஸ்டூர்ம் என்னும் அறிஞர் தலைமையேற்று நிறுவிய உயர்பள்ளியே அப்பல்கலைக்கழகத்தின் மூல வித்தாகும். ஜெனீவாவிலிருந்து வெளியேற்றப்பட்ட கால்வின் அங்கே திருமறை விரிவுரைகள் ஆற்றினார். பின்னாளில் அந்நகரம் பிரான்சின் ஆட்சிக்குட்பட்டது. 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மானியப் படைகளின் பீரங்கித் தாக்குதலால் நகரின் நூலகம் எரிந்து சாம்பலாயிற்று. ஈடு செய்ய முடியாத பழைய கையெழுத்துப் படிகள் பல அதனோடு அழிந்தன. வெற்றி பெற்ற ஜெர்மனி 1872-ல் அதே நகரில் பெரும் பொருட்செலவில் ஒரு பல்கலைக்கழகத்தைத் திறந்தது. கல்வி வளர்ச்சியோடு, கைப்பற்றிய மண்ணை ஜெர்மானிய மண்ணாக்குவதும் அதன் நோக்கமாயிருந்தது. நம் வாசகர்கள் நன்கறிந்த ஆல்பர்ட் சுவைட்சர் அதில் பயின்று, அங்கேயே இறையியலும் போதித்தவர். ஜெர்மானியக் குடிமகனாயிருந்த காரணத்தால், 1914-ல் போர் மூண்டபோது, ஆப்பிரிக்காவின் லம்பரேனே மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் தொண்டு புரிந்துவந்த அவரைப் பிரெஞ்சு அதிகாரிகள் காவலில் வைத்தனர்!

1918-ல் நகரம் மீண்டும் பிரான்சின் கைக்கு வந்தது. ஜெர்மானியப் பேராசிரியர்கள் வெளியேற நேரிட்டது. 1939-ல் போர் மூளவே, பல்கலைக்கழகம் கிளேர்மோன்-ஃபெரான் நகருக்கு இடம்பெயர்ந்தது. காலியான கட்டடங்களில் நாசி அரசு 1941-ல் தனது சொந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. அதன் உடற்கூற்றுப் பேராசிரியர் ஆகஸ்டு ஹிர்ட், எலும்புக்கூடுகளைச் சேகரிக்கும் பொருட்டு யூதர்கள் 86 பேரைக் கொல்வித்தார். இடம்பெயர்ந்தவர்களுக்கும் நிம்மதி கிட்டவில்லை. 1943 நவம்பர் 25 அன்று கிளேர்மோனில் ஜெர்மானியக் காவல்படை வகுப்பறைகளுக்குள் புகுந்தது. ஒரு பேராசிரியர் சுடப்பட்டு இறந்தார். மாணவரும் ஆசிரியருமாக ஏராளமானோர் சித்திரவதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். கல்வி மனிதனைத் தானாகவே நல்லவனாக்கும் என நம்புவோர், ஒரே பல்கலைக்கழகத்தின் இவ்விரு கிளைகளையும் அருகருகே வைத்து நோக்குவது நலம்.

இப்பின்னணியில்தான் 1963 ஜனவரி 22 அன்று தெ கோலும் அடெனாவரும் கையொப்பமிட்ட எலிசே உடன்படிக்கையை நாம் மதிப்பிட வேண்டும். அது பாதுகாப்பைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒருவர் மொழியை மற்றவர் கற்பதும், இரு நாட்டுப் பட்டங்களை ஒன்றுக்கொன்று இணையாக ஏற்பதும் அதில் இடம்பெற்றன. பட்ட ஏற்பு என்பது அலுவலகச் சிக்கல் போலத் தோன்றினும், உன் ஆசிரியரை என் ஆசிரியருக்கு ஒப்பாக மதிக்கிறேன் என்னும் அறிக்கை அதனுள் அடங்கியிருக்கிறது. 1978-ல் எல்லையின் இருபுறத்து நகரங்களாகிய சார்புரூக்கனும் மெட்சும் இணைந்து ஓர் உயர்கல்வி நிலையத்தைத் தொடங்கின. 1997-ல் வைமார் நகரில் இரு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விளைவாக, 1999-ல் பிரெஞ்சு-ஜெர்மானியப் பல்கலைக்கழகம் உருவாயிற்று.

அதற்குத் தனி வளாகம் இல்லை. சார்புரூக்கனில் ஒரு செயலகம் உண்டு. இரு நாட்டுக் கல்வி நிறுவனங்கள் இணைந்து வகுக்கும் பாடத்திட்டங்களை அது ஆராய்ந்து ஏற்று, பொருளுதவி அளிக்கிறது. செலவை இரு அரசுகளும் சரிபாதியாகப் பகிர்கின்றன. தலைவர் பதவி இரு நாட்டவருக்கும் மாறிமாறி வருகிறது. மாணவர் தம் படிப்பில் ஏறத்தாழ பாதியை அயல்நாட்டில் முடித்து, இரு பட்டங்களைப் பெறுகின்றனர். ஏறக்குறைய 6,000 மாணவர் இவ்வாறு பயில்கின்றனர். எண்ணிக்கை பெரிதன்று. ஆயினும் கொடுப்பவன், பெறுபவன் என்ற வேற்றுமை இல்லாத ஏற்பாடு என்பதே இதன் சிறப்பு என்பது என் கருத்து. இரு தரப்பும் மாணவரை அனுப்புகின்றன. இரு தரப்பும் ஏற்கின்றன.

குறைகள் இல்லாமலில்லை. தேர்வு முறையிலும் மதிப்பெண் இடுவதிலும் இரு நாட்டு மரபுகளும் வெகுவாக வேறுபடுவதால், ஒவ்வொரு பாடத்திட்டத்திற்கும் ஆசிரியர்கள் நெடுநாள் கூடிப் பேசவேண்டியிருக்கிறது. சமயமும் கல்வியும் பற்றிய சட்டங்களும் ஒன்றல்ல. பிரான்சில் அரசையும் சபையையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டம், அன்று ஜெர்மனியின் பகுதியாயிருந்த ஸ்ட்ராஸ்பூர்க்கைத் தொடவில்லை. ஆகவே அங்கே அரசுப் பல்கலைக்கழகத்திற்குள்ளேயே புராட்டஸ்டண்டு இறையியல் துறை இன்றும் இயங்குகிறது. பிரான்சின் பிற பகுதிகளில் அதற்கு இடமில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது மொழியே. பிரெஞ்சுப் பள்ளிகளில் ஜெர்மன் கற்போர் தொகை கடந்த பல ஆண்டுகளில் குறைந்துவிட்டது. இளைஞர் பலரும் ஆங்கிலத்தையே போதுமெனக் கருதுகின்றனர். 2019 ஜனவரி 22 அன்று ஆகன் நகரில் கையெழுத்தான புதிய உடன்படிக்கை, 1963-ல் பேசப்பட்ட அதே மொழிக் கல்வியை மீண்டும் எடுத்துரைக்க வேண்டியதாயிற்று.